மண்டியிடும் வழிபாடு

சாமராஜநகரில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் சத்சங்கம் நடைபெற்றது. அன்று ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அம்மாவட்டத்தில் கொள்ளேகாலுக்கு அப்பால் ஒடெயர்பாளையத்தில் திபெத்திய அகதிகளின் குடியிருப்பு உள்ளது. தாயகத்தை இழந்து மலைகளைக் கடந்து வந்தவர்களும் அவர்தம் சந்ததியினரும் அங்கே மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்கிறார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் அந்த அம்மையாரின் மனத்தில் எழும் கேள்வி அது.

"சுவாமிஜி, இவர்கள் இன்று வேரூன்றிவிட்டார்கள். ஆனால் போருக்கு அஞ்சி ஓடிவந்து, முதல் சில வாரங்களில் நோயோடு தரையில் கிடப்பவர்களுக்கு என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்? நான் மருத்துவர் அல்லவே! பிரார்த்தனை மட்டும் போதுமா?"

இக்கேள்விக்கு விடையாக ஒரு வரலாற்றை நினைவுகூர்ந்தேன்.

1971-ஆம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போரினால் ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தனர். நெரிசல் மிகுந்த முகாம்களில் காலரா பரவியது. எல்லைப்புற ஊரான வங்காளத்துப் போன்காவ் மருத்துவமனைக்கு டாக்டர் திலீப் மஹலனாபிஸ் வந்து சேர்ந்தபோது, நோயாளிகள் தரையெங்கும் நெருங்கிக் கிடந்தனர். நரம்பின் வழியே உப்புநீர் ஏற்ற வேண்டுமானால், வாந்தியும் பேதியும் பரவிய அந்தத் தரையில்தான் அவர் மண்டியிட வேண்டியிருந்தது. அவர் மண்டியிட்டார்.

கருவறையின் முன் மண்டியிடுவது நமக்கு எளிது. அங்கே நறுமணம் இருக்கிறது, தீப ஒளி இருக்கிறது. இறைவன் துர்நாற்றத்தின் நடுவே, பெயரும் ஊரும் இழந்தவனாகக் கிடக்கும்போது நமது முழங்கால் மடிகிறதா? ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்க என்று ஸ்ரீராமகிருஷ்ணர் உபதேசித்ததன் பொருளை இத்தகைய இடத்தில்தான் நாம் சோதித்துப் பார்க்க முடியும்.

விரைவிலேயே உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோகும் நிலை வந்தது. ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. மஹலனாபிஸ் முன் ஒரே வழிதான் இருந்தது. குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்து வாய்வழியே புகட்டுவது. குளுக்கோஸ் உடனிருந்தால், காலரா தாக்கிய குடலும் உப்பையும் நீரையும் ஈர்த்துக்கொள்ளும் என்பது ஆய்வுகளில் தெரிந்திருந்தது. ஆனால் அதுவரை பயிற்சி பெற்றவர்களின் நேரடிக் கண்காணிப்பிலேயே அது கொடுக்கப்பட்டு வந்தது. கூட்டம் நிரம்பிய அகதி முகாமில், எழுத்தறிவில்லாதவர்களின் கையில் அதை ஒப்படைக்கலாமா? தவறினால் பழி அவரைச் சேரும். தயங்கினாலோ மக்கள் மடிவார்கள்.

அவர் ஒப்படைத்தார். தாய்மார்களும் உடன்பிறந்தோரும் கிண்ணத்தை ஏந்தி, நோயாளியின் தலையை மடியில் வைத்து, வாய் வாயாகப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு விகிதம், இக்கரைசல் பெற்றவர்களிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனமும் இம்முறையை ஏற்று உலகெங்கும் பரப்பியது. 2022-இல் மறைந்த அம்மருத்துவருக்கு, 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அன்பர்களே, இதில் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. "குணப்படுத்துபவன் நான்" என்ற இடத்தை அம்மருத்துவர் தாய்மார்களுக்கு விட்டுக்கொடுத்தார். கர்மயோகம் வலியுறுத்தும் கர்த்ருத்வத் துறவுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எது? பொருளைக் கொடுப்பவனிடம்கூட "நான் கொடுத்தேன்" என்ற எண்ணம் எஞ்சி நிற்கலாம். தனது ஆற்றலையே பிறர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவனிடம் அது தங்குவதில்லை. பெற்றவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். வீடு, நிலம், உறவு அனைத்தையும் இழந்து, கையேந்தி நின்ற ஒரு பெண்ணுக்கு "உன் குழந்தையை நீயே காப்பாற்றலாம்" என்ற நிலை கிடைத்தது. உயிரோடு அவளது மதிப்பும் மீண்டது.

தமிழர்களுக்கு இத்துயரம் புதிதல்ல. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி, பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பிய இந்தியர்களில் தமிழர்களும் பெருந்திரளாக இருந்தனர். வழியில் காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. உப்பும் சர்க்கரையும் நீரும் சேர்ந்தால் உயிர் காக்கும் என்று அன்று அவர்களுக்குச் சொல்ல எவருமில்லை. இன்று நாம் அறிவோம். அறிந்தும் கற்காதிருப்பது குறையல்லவா?

ஆகவே அந்த அம்மையாரிடம் கூறினேன்: "அம்மா, பிரார்த்தனை செய்யுங்கள். அதோடு ஒரு லிட்டர் தூய நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் செல்லும் வரை அது உயிரைத் தாங்கும். முதலுதவியும் பயிலுங்கள். பின்னர் பத்துப் பேருக்குக் கற்பியுங்கள். நீங்கள் ஆசிரியை அல்லவா?"

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அரைத் தேக்கரண்டிதானே உப்பு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்றைய சத்சங்கத்தின் மிகச் சிறந்த பிரார்த்தனை அதுவே என்று தோன்றியது. அடைக்கலம் தேடி வருபவர் எந்த நாட்டினர், எந்தத் தரப்பினர் என்று கேளாமல், அவர்முன் மண்டியிடும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வானாக!