யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?

போன மாதம் அய்யம்பேட்டையிலிருந்து ஒரு பழைய நண்பன் போன் செய்தான். இருவரும் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். அவன், அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில் நெல் போடப் போய்விட்டான்.

"பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்குடா. ஐரோப்பாவுல மேல்படிப்பு. ஃபீஸ் கிடையாது. மாசச் செலவுக்கும் அவனே பணம் தர்றானாம்!"

வாழ்த்துச் சொன்னேன். ஆனாலும் அவன் குரலில் ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"பேங்க்ல கடன் வாங்கினா வட்டியோட கட்டிடலாம். கணக்கு தீர்ந்துடும். இது என்ன கணக்குடா? முகம் தெரியாத ஊர்க்காரன் என் பொண்ணுக்கு எதுக்குச் சோறு போடணும்? நாளைக்கு இதை யாருக்குத் திருப்பிக் கொடுக்கறது?"

பக்கத்திலிருந்து மகள் போனை வாங்கினாள். "அப்பா சும்மா கவலைப்படறார் சித்தப்பா. மார்க் எடுத்தேன், கொடுத்தாங்க. இதுல கடன் எங்கேருந்து வந்துச்சு?"

அப்பா சொல்வது சரியா, மகள் சொல்வது சரியா? நீங்கள் எந்தப் பக்கம்?

பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். அய்யம்பேட்டைக்குப் பக்கத்திலேயே கும்பகோணம் இருக்கிறது. அங்கே ஒரு ஜவுளிக்கடை குமாஸ்தாவின் மகன், 1904-ல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. இங்கிலீஷில் ஃபெயில். உதவித்தொகை போயிற்று. சம்பளம் கட்ட வீட்டில் வசதியில்லை. படிப்பும் அதோடு நின்றது. பையன் வீட்டை விட்டே விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான்.

அந்தப் பையன்தான் கணித மேதை ராமானுஜன்.

அதே ராமானுஜனுக்கு, 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கையில் ஒரு பட்டம்கூடக் கிடையாது. அப்படியும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் போவதற்கு ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

இப்போது அந்தப் பெண் சொன்னதை யோசித்துப் பாருங்கள். 'திறமை இருந்தது, கொடுத்தார்கள்' என்கிறாள். ஆனால் உதவித்தொகையை இழந்த தலையும் அதே தலைதானே? நடுவில் மாறியது என்ன? யாரோ சிலர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு விதியைக் கொஞ்சம் வளைத்தார்கள். திறமை உங்களுடையது, சரி. அதை ஒருத்தர் கண்ணில் காட்டிய அதிர்ஷ்டம் உங்களுடையதா?

இன்றைக்கும் அதே கதைதான். வெளிநாட்டு மாணவரிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே இடம் கொடுத்து, தேவையான உதவியும் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. என்று ஒரு சின்னப் பட்டியல். மற்ற பல இடங்களில், 'இவரால் கட்ட முடியுமா?' என்ற கேள்வியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. கிடைத்தவளுக்குப் பின்னால், அதே மார்க் எடுத்துக் கிடைக்காதவள் ஒருத்தி நிற்கிறாள்.

அப்படியானால் இது தர்மமா? கைநீட்டி வாங்கியவர் காலமெல்லாம் குனிந்து நிற்க வேண்டுமா? அதுவும் இல்லை. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், ராமானுஜனுக்குத் தன் சொந்தக் காசில் மாதாமாதம் பணம் கொடுத்தார். ஒருவருக்கே நெடுநாள் பாரமாக இருக்க ராமானுஜனுக்கு மனசில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் 250 பவுண்டை எந்தக் கணக்கில் வைத்தார்? அதற்கு அவரே எழுதிய பதில் இருக்கிறது. 1919 ஜனவரி. லண்டனில் உடம்பு சரியில்லாமல் சிகிச்சையில் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடியும் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. பதிவாளருக்கு அவர் எழுதிய பதிலின் சாரம் இதுதான்: எனக்கு வரப்போகும் மொத்தப் பணம் என் தேவைக்கு மேல். ஆண்டுக்கு 50 பவுண்டு என் பெற்றோருக்குக் கொடுங்கள். என் அவசியச் செலவு போக மிச்சத்தை ஏழைப் பையன்கள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் இறந்துபோனார். வயது 32.

நான் காமர்ஸ் படித்தவன். அந்தக் கடிதத்தை ஒரு பட்ஜெட்டாகத்தான் படித்தேன். சந்நியாசி மாதிரி எல்லாவற்றையும் அவர் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதலில் பெற்றோர், அப்புறம் தன் செலவு, அதற்கு மேல்தான் மற்றவர்கள். ஆனால் அந்த மற்றவர்கள் யார்? சம்பளம் கட்ட வழியில்லாமல் கும்பகோணத்தில் நின்றானே ஒரு பையன், அவனைப் போன்றவர்கள்!

நண்பனுக்கு இதை அவன் பாஷையிலேயே சொன்னேன். "டேய், உன் வயலுக்குத் தனி வாய்க்கால் உண்டா?"

"எங்கேடா? மேல் வயல்ல பாய்ஞ்சு, வாமடை வழியா நம்ம வயலுக்கு வரும். அப்புறம் கீழ் வயலுக்குப் போகும்."

"வந்த தண்ணியை மேட்டூருக்குத் திருப்பி அனுப்பறியா?"

சிரித்தான்.

"கீழ் வயல்காரனுக்கு வாமடையை அடைச்சா?"

"ஊர்ல அப்புறம் தலை காட்ட முடியுமா?"

அவ்வளவுதான் விஷயம். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லும் கணக்கு இல்லை இது. 'படிச்சு முடிச்சதும் ஊருக்கே வந்துடணும்' என்று அந்தப் பெண்ணை மிரட்டவும் நான் தயாரில்லை. உதவித்தொகையின் நிபந்தனையிலேயே அப்படி இருந்தால் அது வேறு, வாக்கு வாக்குதான். இல்லையென்றால் எங்கே இருந்தால் என்ன? ஒரு வருஷம் ஒரு பிள்ளையின் ஃபீஸ். பணம் இல்லையா, பக்கத்துத் தெருப் பையன் விண்ணப்பம் நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக் குழுவில் உட்காரும் நாள் வந்தால், மார்க்கைத் தாண்டி இன்னொரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்கும் பொறுமை.

உங்களுக்கும் என்றைக்கோ யாரோ சம்பளம் கட்டியிருப்பார்கள். ஒரு அத்தை, ஒரு வாத்தியார், ஒரு சர்க்கார் கல்லூரி. அந்தத் தண்ணீர் இப்போது உங்கள் வயலில் நிற்கிறது.

வாமடை திறந்திருக்கிறதா?