மழை மீது பழி போடலாமா?

இங்கிலாந்தின் தென்பகுதியில் குட்வுட் என்ற இடத்தில் ஒரு கார் பந்தயப் பாதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அது விமானத் தளம். 1948-ல் அங்கே பந்தயம் ஆரம்பித்தது. 1966-ல் நின்றுபோய், 1998-ல் மறுபடியும் உயிர் பெற்றது. அந்தக் காலத்துக் கார்களை ஆசையோடு காப்பாற்றி வருகிறவர்கள் பலர் அங்கே வந்து ஓட்டுகிறார்கள். எல்லோருமே தொழில்முறை வீரர்கள் அல்ல.

அங்கே ஒருவர் 1960-களின் ஜாகுவார் இ-டைப் காரை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூறல் வலுக்கிறது. வேகத்தைக் குறைக்க மனசு வரவில்லை. ஒரு வளைவில் திடீரென்று பயந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கிறார். காரின் பாரம் முன்பக்கம் போக, பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன. வண்டி சுழன்று தடுப்பில் மோதுகிறது. அவருக்குக் காயமில்லை. ஆனால், பல கைகள் மாறிப் பத்திரமாக வந்த வண்டியின் முகம் நசுங்கிவிட்டது.

‘பாழாய்ப்போன மழை!’ என்கிறார்.

அன்பர்களே, குற்றவாளி மழைதானா?

அதே மழையில்தான் மற்றவர்களும் ஓட்டினார்கள். மழையை அனுப்புவது நம் கையில் இல்லை. காலை எங்கே, எவ்வளவு அழுத்துவது என்பது நம்மிடம்தான் இருக்கிறது. கடோபநிஷதத்தில் நசிகேதனுக்கு எமதர்மன் உபதேசிக்கிறான்: உடம்பு ரதம், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். பாதை வழுக்கினால் விழித்துக்கொள்ள வேண்டியவன் சாரதிதானே!

நிக்கி லாடாவை நினைத்துப் பாருங்கள். 1976 ஆகஸ்டில் ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் தீயில் சிக்கி, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர். அதே ஆண்டு அக்டோபர் 24-ல் ஜப்பானின் ஃபியூஜியில் உலகப் பட்டத்தை முடிவு செய்யும் போட்டி. கொட்டும் மழை. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, இது ஆபத்து என்று வண்டியை நிறுத்திவிட்டார். ‘காரில் கோளாறு என்று சொல்லிவிடலாம்’ என அணியினர் முன்வந்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ‘என் முடிவு’ என்றே சொன்னார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போயிற்று. ஆனால் 1977-லும் 1984-லும் பட்டம் அவரைத் தேடி வந்தது.

‘அப்படியானால் பழைய காரைப் பூட்டியே வைத்துவிடலாமே?’ என்று கேட்பீர்கள். வேண்டாம். ஆண்டு முழுக்க நிலையில் நிற்கும் நம் கோயில் தேரும் திருவிழாவில் வீதிக்கு வரத்தான் செய்கிறது. ஆனால், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு கணம்கூடக் கவனம் சிதற மாட்டார். சுற்றிலும் ஜனங்கள் நிற்கிறார்களே! பந்தயப் பாதையிலும் அப்படித்தான். ஒரு கார் மோதினால், உதவிக்கு ஓடி வருபவர்கள் தொண்டர்கள். மற்ற கார்கள் பாய்ந்து வரும் அதே ஈரத் தரையில் அவர்கள் இறங்க வேண்டும். என் துணிச்சலுக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

சரி, மோதிவிட்டது. இனி? கோயிலில் ஏதேனும் பின்னமானால் மறைத்து வைப்பதில்லை. பழுது பார்த்து, பிராயச்சித்தம் செய்து, குடமுழுக்கு நடத்துகிறோம். மனிதனுக்கும் அதே வழிதான். ‘தவறு என்னுடையது’ என்று வாய்விட்டுச் சொல்வது முதல் படி. உடைந்ததைச் சரிசெய்வது இரண்டாவது. அடுத்த மழையில் காலைத் தளர்த்துவது மூன்றாவது. முதல் படி ஏறாதவருக்கு மற்ற இரண்டும் கிடைக்காது. மழைதான் காரணம் என்று நம்புகிறவர் எதைத் திருத்திக்கொள்வார்?

நீங்கள் கார் பந்தயம் பக்கமே போகாதவராக இருக்கலாம். ஆனால், கோபத்தில் ஒரு சொல்லை வீசிவிட்டு, ‘சந்தர்ப்பம் அப்படி’ என்று சொல்லியிருப்பீர்கள். இன்று விளக்கேற்றும்போது அதில் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ‘தவறு என்னுடையது’ என்று ஆண்டவனிடம் சொல்லுங்கள். பிறகு, யார் மனம் நொந்ததோ, அவரிடமும் போய்ச் சொல்லுங்கள்.