மண்ணோடு கட்டப்பட்ட மனிதன்

நிலப்பிரபுத்துவம் மனிதனை மண்ணோடு கட்டியது, கம்யூனிஸம் அந்தக் கட்டை அவிழ்த்தது என்று நம் வாலிபர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அவர்கள் போற்றும் ருஷ்யாவையே எடுத்துக் கொள்வோம்.

1649ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே குடியானவனைப் பண்ணையாரின் நிலத்தோடு பிணைத்தது. ஓடிப் போனவனை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்து வரலாம். பின்னாளில் நிலத்தை விட்டு ஆளை மட்டும் விற்கும் கொடுமையும் நடந்தது. 1861இல்தான் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் விடுதலை அளித்தார்.

1917இல் புரட்சி வந்தது. பண்ணையார் தொலைந்தார், நிலம் உழுதவன் கைக்கு வந்தது. அவன் பிள்ளை எழுத்தறிந்தான். இவற்றை மறைப்பது நியாயமல்ல. ஆனால் 1929க்குப் பின் அந்நிலம் கூட்டுப் பண்ணைக்குள் போயிற்று. 1932 டிசம்பரில் உள்நாட்டுப் பாஸ்போர்ட் முறை பிறந்தது. நகரத்தானுக்கு அது கிடைத்தது. கூட்டுப் பண்ணைக்காரனுக்குப் பொதுவாகக் கிடைக்கவில்லை. அது இல்லாதவன் நகரில் குடியேற முடியாது. வெளியூர் வேலைக்குப் போகப் பண்ணை நிர்வாகம் மனம் வைத்துச் சீட்டுத் தர வேண்டும். ஆளும் கட்சியின் பெயரைக் குறிக்கும் முதலெழுத்துக்களை, 'இரண்டாம் பண்ணையடிமைத்தனம்' என்று கிராமத்தார் இரகசியமாக விரித்துச் சொல்லிக் கொண்டார்கள். பட்டவன் கண்டுபிடித்த பெயர் அது!

நிலமும் தானியமும் வேலையும் போலீசும் ஒரே இடத்தில் குவிந்த பின், குடியானவன் எங்கே போய் முறையிடுவான்?

அது ஸ்டாலின் என்ற தனி மனிதரின் குற்றம், கொள்கையின் குற்றமல்ல என்பார்கள். ஸ்டாலின் 1953இல் இறந்தார். கூட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் பாஸ்போர்ட் வழங்க அந்த அரசு முடிவு செய்தது 1974இல்.