எலும்புத் தூளும் சமய நம்பிக்கையும்

பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. ஓராண்டில் அதன் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடக்கூடும். அங்கே இம்பிளான்ட் என்னும் செயற்கைப் பல்வேரை ஊன்ற, எலும்பை மீண்டும் வளர்க்க வேண்டியிருக்கிறது. இதற்கான அறுவை நெறிகளை 2006இல் வாங், போயபட்டி என்னும் பல் மருத்துவ ஆய்வாளர்கள் நான்காகத் தொகுத்தனர்: ஈறு இழுபடாமல் முழுவதும் மூடித் தைக்கப்பட வேண்டும், புதிய ரத்த நாளங்கள் தோன்ற வேண்டும், எலும்பு வளரும் இடம் காக்கப்பட வேண்டும், உள்ளே உறைந்த ரத்தம் அசையாதிருக்க வேண்டும்.

இடத்தைக் காக்க எலும்புத் தூள் நிரப்பி, விரைந்து வளரும் ஈறுத் திசு உள்ளே புகாதபடி மேலே ஒரு சவ்வைப் போர்த்துகிறார்கள். சமயக் கேள்வி இங்கேதான் எழுகிறது. பெரிதும் புழங்கும் தூள்களில் ஒன்று மாட்டெலும்பிலிருந்து வருகிறது. தானே கரையும் சவ்வுகள் பல பன்றியின் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. இறந்தவர்கள் கொடையளித்த எலும்பும் உண்டு. பசுவை வணங்கும் இந்துவும், பன்றியை விலக்கும் இஸ்லாமியரும், உயிர்வதையால் கிடைப்பதை ஒதுக்கும் சமணரும் இவற்றை உடலில் ஏற்கலாமா?

பன்றியை விலக்கும் இன்னொரு மரபான யூத மரபில் அவ்விலக்கு முதன்மையாக உண்பதைப் பற்றியது. எனவே சிகிச்சைக்கு அது பெருந்தடையாவதில்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இரண்டு வாதங்களை ஆராய்கின்றனர். முதலாவது ‘இஸ்திஹாலா’: ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறினால் விலக்கு நீங்கும் என்பது. புரதம் முழுவதும் நீக்கப்பட்டு, கனிமம் மட்டுமே எஞ்சும் எலும்புத் தூளுக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். சவ்விலோ கொலாஜன் கொலாஜனாகவே இருக்கிறது. இரண்டாவது ‘ளரூரா’, அதாவது இன்றியமையாமை. உயிர் போகும் நிலையில் எழும் இவ்வாதம், மாற்று வழி இருக்குமிடத்தில் வலுவிழக்கிறது.

மாற்று வழிகள் உள்ளன. மேற்சொன்ன நான்கு நெறிகளும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. நோயாளியின் மோவாயிலிருந்தோ கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ எலும்பு எடுக்கலாம். ஆனால் இன்னொரு புண்ணைத் தாங்க வேண்டும். ஹைட்ராக்ஸி அபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைத் தூள்கள் உள்ளன. எல்லாக் குழிவுக்கும் அவை ஒன்றுபோல் உதவா. டெஃப்லான் வகைச் சவ்வு கரையாது. பின்னர் அதை அகற்றியாக வேண்டும்.

நம்பிக்கைக்காகக் கூடுதல் வலியைத் தாங்குவதா, வலியைத் தவிர்க்க நம்பிக்கையைத் தளர்த்துவதா என்று முடிவுசெய்யும் உரிமை நோயாளிக்கே உரியது. சவ்வை ஈறுக்குள் வைத்துத் தைத்தபின் சொல்வதால் பயனில்லை. ஆகவே ஒப்புதல் படிவத்தில் வணிகப் பெயரோடு மாடு, பன்றி, மனிதர், செயற்கை என மூலமும் நோயாளியின் மொழியில் எழுதப்பட வேண்டும். அறுவையின் நான்கு நெறிகளுக்கும் முன்னதாகக் கடைப்பிடிக்க வேண்டிய அறநெறி இது.