புண்படாத மாணவர்களின் வகுப்பு

நேர்மையான செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தே மனிதன் நேர்மையாளன் ஆகிறான் என்பது அரிஸ்டாட்டிலின் வாதம். பொறுமையும் அப்படிப் பழகி வருவதென்றால், யாருக்கும் வலிக்காத வகுப்பில் அதைப் பழக முடியுமா? அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய டீச்லைவ் மெய்நிகர் வகுப்பில், திரையில் தோன்றும் மாணவர்கள் பயிற்சி பெறும் ஆசிரியரிடம் குறுக்கே பேசுவார்கள், கவனம் சிதறுவார்கள். அவர்களுக்குக் குரல் கொடுப்பவரோ மறைவில் இருக்கும் ஒரு மனிதர்; இது கவனிக்க வேண்டிய செய்தி. இத்தகைய பயிற்சி பற்றி வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. தாமே சிந்தித்துவிட்டு மீண்டும் முயன்றவர்களைவிட, இடையில் 5 நிமிடம் பயிற்றுநரிடம் பேசியவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். அவர்களைத் திருத்தியது இன்னொரு மனிதரின் பார்வை.

நிஜக் குழந்தைகளிடம் தவறு செய்து கற்பதைவிட இது மேலல்லவா என்று கேட்கலாம். மேல்தான், புது ஆசிரியரின் தடுமாற்றத்துக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். ஆனால் திரை மாணவரை அவமதித்தால் காட்சியை முதலிலிருந்து தொடங்கிவிடலாம். எதிரே இருப்பவரின் முகமே நம்மைப் பொறுப்புக்கு அழைக்கிறது என்று தத்துவஞானி லெவினாஸ் வாதிட்டபோது, புண்படக்கூடிய முகத்தையே மனத்தில் வைத்திருந்தார். குரலின் நிதானத்தைத் திரைமுன் பழகலாம். நேற்று மனம் நோகச் செய்த மாணவியிடம் இன்று மன்னிப்புக் கேட்கும் கடமைக்கு அங்கே இடமில்லை. ஆகவே மெய்நிகர் பயிற்சி முடித்தவருக்கும், நிஜ வகுப்பில் ஓராண்டாவது அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் துணையிருக்க வேண்டும்.