நடுங்கும் மனமும் நிற்கும் தறியும்

ஆங்கிலத்தில் ‘டிதர்’ என்றொரு சொல் உண்டு. முடிவெடுக்க இயலாமல் தடுமாறுவதை இன்று அது குறிக்கிறது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அச்சொல்லுக்கு உடல் நடுங்குதல் என்பதே பொருள். தடுமாற்றம் என்னும் பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதனுடன் வந்து சேர்ந்தது.

தமிழில் இதனைத் ‘தயக்கம்’ என்று சொல்லிவிடலாமா? தயக்கத்தில் பணிவு இருக்கலாம், பொறுப்புணர்வும் இருக்கலாம். பெரியோர் முன் பேசத் தயங்குகிறோம். பிறர் பொருளைத் தொடத் தயங்குகிறோம். ‘டிதர்’ அதுவன்று. பதற்றமும் தயக்கமும் ஒன்றாய்ப் பின்னிய நிலை அது. செய்யலாமா, வேண்டாமா என்று மனம் ஓயாமல் அலைகிறது. காலோ ஓர் அடியும் நகர்வதில்லை.

ஆரணியை அடுத்த பெரணமல்லூரின் பட்டுத்தறி இவ்வேறுபாட்டை நமக்கு விளக்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துகிறார், அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிறார், மீண்டும் நெய்கிறார். அந்த நிறுத்தம் விவேகம். மிதியை அழுத்தி, பாவு பிரிந்து வழிவிட்ட பின்னும் நாடாவைச் செலுத்தாது கை நடுங்கி நிற்குமானால், அது நாம் சொல்லும் தடுமாற்றம். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் தறி நிற்கிறது.

அவ்வூரில் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். மகளுக்கு வேலூரில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பினால் தறிக்குத் துணைக்கை இல்லை. நிறுத்தினால் அவள் எதிர்காலம் இல்லை. தந்தை இரவெல்லாம் புரள்கிறார். காலையில் ‘நாளை பார்ப்போம்’ என்கிறார். கட்டணம் செலுத்தும் கடைசி நாளும் கடந்துபோகிறது. ‘ஆண்டவர் சித்தம்’ என்று அவர் பெருமூச்சு விடுகிறார். அன்பரே, அது ஆண்டவர் சித்தமா? நாட்காட்டியின் சித்தமல்லவா? அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. ஆனால் மகளுக்குக் கிடைத்த விடை அதுதான்.

புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், பத்தாயிரம் பொற்காசு ஈட்டிய மூவகை மனிதரைக் காட்டுகிறார். முதல் வகையார் அச்செல்வத்தின்மீதுள்ள பற்றை விட விரும்புகிறார்கள்; அதற்கான வழி எதையும் சாகும் வேளை வரை மேற்கொள்வதில்லை. அவர்கள் தீயவர் அல்லர். விருப்பம் நல்ல விருப்பமே. நல்ல விருப்பத்தோடேயே ஒருவர் வாழ்நாளைக் கழித்துவிடலாம் என்பதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டிய செய்தி.

அதே நூல் மருந்தும் தருகிறது. மனம் வறண்டு கலங்கும் வேளையில், முன்பு தெளிவாய் எடுத்த முடிவை மாற்றலாகாது என்கிறார் புனிதர். எனவே எண்ண வேண்டியதை அமைதியில் எண்ணுவோம், கேட்க வேண்டியவரைக் கேட்போம், செபிப்போம், பின்னர் முடிவைச் சொல்லிவிடுவோம். நடுக்கம் முற்றும் நின்ற பிறகே செயல் என்றால், செயல் ஒருநாளும் பிறவாது. தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். அறுந்த இழையைப் பிணைக்க முடியும். நெய்யாத துணியில் பிணைப்பதற்கு என்ன இருக்கிறது?

நம் விடைக்காக இன்று யார் வாசலில் காத்து நிற்கிறார்கள்? அவர்களுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்வதும் பிறரன்பின் கடமையே.