ஒழுங்கற்ற வினைகள்

தமிழில் 'ஒழுங்கு' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வரிசை குலையாமல் இருப்பதும் ஒழுங்கு, நடத்தை பிசகாமல் இருப்பதும் ஒழுங்கு. புத்தகங்களை ஒழுங்காக அடுக்குகிறோம். பெண்பிள்ளை ஒழுங்காக வீடு வந்து சேர வேண்டும் என்கிறோம். வாய்பாட்டுக்கு அடங்காத வினையையும் 'ஒழுங்கற்ற வினை' என்றே எழுதுகிறோம். பெயரைக் கேட்டதுமே அந்த வினை ஏதோ தப்புச் செய்துவிட்டது போலத் தோன்றுகிறது. இத்தாலிய மொழியில் அதற்கு 'இர்ரெகொலாரெ' என்று பெயர். 'ரெகொலா' என்றால் விதி. விதிக்குள் நிற்காதது இர்ரெகொலாரெ.

விதிக்குள் நிற்காதது குறையுடையதா? நடுவயதில் இத்தாலியம் படிக்கத் தொடங்கிய தமிழாசிரியை என்ற முறையில் இந்தக் கேள்வியை அந்த மொழியின் வினைகளிடமே கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

இத்தாலிய வினைகள் 'ஆரெ', 'எரெ', 'இரெ' என முடியும் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன. 'பார்லாரெ' என்றால் பேசுதல். பார்லோ, பார்லி, பார்லா என்று ஆறு வடிவங்களை மனப்பாடம் செய்துவிட்டால் அதே அச்சில் ஆயிரக்கணக்கான வினைகளை வார்த்துவிடலாம். புதிதாக வரும் வினைகளும் பெரும்பாலும் இந்த முதல் குடும்பத்தில்தான் சேர்கின்றன. இணையத்தில் அரட்டையடிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'சத்தாரெ' என்ற வினை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக நடந்துகொள்கிறது.

அடங்காதவை எவை? இருத்தல், உடைமை, போதல், வருதல், செய்தல், சொல்லல், கொடுத்தல், அறிதல், விரும்புதல், இயலுதல், கடமைப்படுதல், சாதல். ஒரு நாளை இவை இல்லாமல் கடக்க முடியாது. 'நான் போகிறேன்' என்பதற்கு 'வாதோ'. 'நாம் போகிறோம்' என்பதற்கு 'அந்தியாமோ'. வெவ்வேறு வேரிலிருந்து வந்த இரண்டு வினைகள் ஒரே வாய்பாட்டில் குடித்தனம் நடத்துகின்றன. 'இரு' என்ற பொருளுடைய 'எஸ்ஸெரெ'யோ தன் இறந்தகால எச்சத்தை 'ஸ்தாரெ' என்ற வேறொரு வினையிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டது.

மொழியியலாளர்கள் இதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது. அடிக்கடி புழங்கும் வடிவத்தை விதியால் எளிதில் திருத்திவிட முடியாது. குழந்தை விதியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்த வடிவம் ஆயிரம் முறை காதில் விழுந்துவிடுகிறது. அபூர்வமாகப் புழங்கும் வடிவத்துக்கு அந்தக் காவல் இல்லை. மறந்துபோன இடத்தை விதி வந்து நிரப்பிவிடுகிறது. ஆக, ஒழுங்கற்ற வினைகள் விதியை எதிர்த்துக் கிளம்பியவை அல்ல. பலரும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் பிழைத்துக் கிடப்பவை.

இத்தாலியக் குழந்தை 'நான் திறந்தேன்' என்பதற்கு 'ஓ அப்ரீத்தோ' என்று சொல்லும். விதிப்படி அதுதான் சரி. அம்மா 'அபெர்த்தோ' என்று திருத்துவாள். ஏன் என்று கேட்டால் அவளிடம் விதி கிடையாது. 'அப்படித்தான் சொல்லணும்' என்பாள். இத்தாலியப் பெண்ணியத் தத்துவவாதி லூயிசா முராரோ 1991இல் 'தாயின் குறியீட்டு ஒழுங்கு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். பேசக் கற்றதே தாயிடமிருந்துதான் என்பதைத் தத்துவம் மறந்துவிட்டது என்பது அவர் வாதம். தந்தையின் சட்டம் வருவதற்கு முன்பே தாய் வழியாக ஓர் ஒழுங்கு நமக்குள் வந்துவிட்டது. ஒழுங்கற்ற வினைகளை நினைக்கும்போது அந்த வாதம் எனக்குக் கைக்கெட்டும் பொருளாகிவிடுகிறது. இலக்கண நூல் 'விதிவிலக்கு' என்று ஒதுக்குவதைத்தான் தாய் முதலில் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் தாய்மைக்கு இன்னொரு மாலை போட்ட கதையாகிவிடும். தாய் வேறு சிலவற்றையும் கற்றுக்கொடுக்கிறாள். 'எனக்கு வேண்டும்' என்பதற்கு இத்தாலியத்தில் 'வோல்யோ'. இந்தச் சொல்லோடு அடம்பிடிக்கும் குழந்தையிடம், 'வோல்யோ என்ற புல் ராஜாவின் தோட்டத்தில்கூட முளைக்காது' என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதற்குப் பதிலாக 'வொர்ரெய்' என்று கேட்கப் பழக்குவார்கள். 'கிடைத்தால் நன்றாக இருக்கும்' என்பது போன்ற பணிவான வடிவம் அது. 1971இல் முராரோவும் வேறு இருவரும் பள்ளிகளில் அதிகாரமற்ற கல்விமுறை பற்றித் தொகுத்த நூலுக்கு அந்தப் புல்லின் பெயரையே வைத்தார்கள்.

'வோல்யோ'வுக்குப் பக்கத்தில் நிற்பது 'தேவோ', 'நான் செய்தாக வேண்டும்'. இரண்டும் ஒழுங்கற்றவை. ஆனால் இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆசையா, கடமையா என்று பேசுபவள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழில் இரண்டுக்கும் 'வேண்டும்' ஒன்றுதான். 'எனக்கு வேண்டும்' என்றால் ஆசை. 'நான் செய்ய வேண்டும்' என்றால் கடமை. வேற்றுமை உருபு ஒன்றுதான் நடுவில் நிற்கும் வேலி. அந்த வேலியைத் தாண்டித் தாண்டியே நம்மில் பலருடைய ஆயுள் போய்விடுகிறது. செய்தாக வேண்டியதையே விரும்பியதாகச் சொல்லப் பழகிவிடுகிறோம். இரண்டு வேறு வினைகள் இருக்கும் மொழியிலும் பெண்களுக்கு இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சிசிலியில் அல்காமோ என்ற ஊர். 1965 டிசம்பரில் ஃபிராங்கா வியோலா என்ற 17 வயதுப் பெண்ணை, அவர் ஏற்கெனவே மறுத்துவிட்ட ஒருவன் ஆட்களோடு வந்து கடத்திப்போய் வல்லுறவு செய்தான். அப்போதைய இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவுப்படி, அவளையே மணந்துகொண்டால் குற்றவாளி தண்டனையிலிருந்து தப்பிவிடலாம். அதற்குப் பெயர் 'பழுதுபார்க்கும் திருமணம்'. அதாவது, குலைந்த ஒழுங்கைச் சரிசெய்வது. ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. 'தேவோ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஃபிராங்கா மறுத்தார். தந்தையும் உடன் நின்றார். வழக்கு நடந்தது, 1966இல் கடத்தியவன் தண்டிக்கப்பட்டான். ஆனால் 544ஆம் பிரிவு நீக்கப்பட்டது 1981இல்தான். கௌரவத்தின் பேரால் செய்த கொலைக்குத் தண்டனைக் குறைப்புத் தந்த பிரிவும் அதே சட்டத்தால் ஒழிந்தது. வல்லுறவு பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம் என்ற வகையிலிருந்து மனிதருக்கு எதிரான குற்றமாக மாற 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

544ஆம் பிரிவு எவ்வளவு ஒழுங்கானது என்பதைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே விதி, விலக்கே இல்லை, குழப்பமும் இல்லை. ஒழுங்கு வேறு, நியாயம் வேறு.

இலக்கணத்திலும் அப்படித்தான். இத்தாலியத்தில் போதல், வருதல், பிறத்தல், சாதல் போன்ற வினைகள் இறந்தகாலத்தில் எழுவாயின் பாலைக் காட்டும். ஒரு பெண் 'நான் போனேன்' என்றால் 'சோனோ அந்தாத்தா'. ஆண் சொன்னால் 'அந்தாத்தோ'. 'நாங்கள் போனோம்' என்று பெண்கள் மட்டும் சொன்னால் 'அந்தாத்தெ'. நூறு பெண்களுக்கு நடுவில் ஓர் ஆண் இருந்துவிட்டால் 'அந்தாத்தி', ஆண்பால். இந்த விதிக்கும் விலக்கு இல்லை. 1987இல் இத்தாலிய அரசு வெளியிட்ட அறிக்கையில் அல்மா சபதீனி இதை மாற்றச் சொன்னார். எந்தப் பால் பெரும்பான்மையோ அந்த விகுதியைப் போடலாமே என்றார். தமிழில் 'வந்தார்கள்' என்ற பலர்பால் இருபாலருக்கும் பொது. அதனால் தமிழ்ப் பெண்ணின் வழி எளிதாகிவிடவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

'எழுதுதல்', 'சொல்லுதல்', 'கொல்லுதல்' போன்ற வினைகளோ எழுவாயின் பாலைக் காட்டுவதில்லை. செயப்படுபொருள் சுட்டுப்பெயராக முன்னால் வந்தால் அதன் பாலைக் காட்டும். 'லா உச்சீசா' என்றால் 'அவளைக் கொன்றுவிட்டார்கள்' என்பது போல. கொல்லப்பட்டவள் பெண் என்று அந்த விகுதி சொல்லிவிடும். கொன்றது ஆணா பெண்ணா என்று வினை சொல்லாது. செயப்பாட்டு வினையில் போட்டுவிட்டால் கொன்றவரே வாக்கியத்திலிருந்து காணாமல் போகலாம். தமிழில் 'கொன்றான்' என்ற விகுதி கொன்றவனைக் கையும் களவுமாகக் காட்டிக்கொடுக்கும். நாமோ 'இளம்பெண் கொலை' என்று வினையே இல்லாமல் தலைப்பு எழுதி அந்த விகுதியை வெட்டி எறிந்துவிடுகிறோம். இத்தாலிய விகுதிக்குப் பின்னால் யாரும் சதி செய்யவில்லை. அது மொழி தானாக வளர்ந்த விதம். நம் தலைப்பு அப்படியல்ல. அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார்.

அப்படியானால் ஒழுங்கற்றதெல்லாம் விடுதலையா? அதுவும் இல்லை. 'அபெர்த்தோ' எந்த விதிக்கும் அடங்காது. ஆனால் 'அப்ரீத்தோ' என்று சொன்ன வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்க அது உதவும். விலக்கும் ஒரு வகை அதிகாரம்தான். ஆகவே ஒரு வடிவம் ஒழுங்கானதா, ஒழுங்கற்றதா என்ற கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது. அது யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். கெடுதல் செய்கிறதென்றால் அதற்கு மாற்றாக எதைச் சொல்லப்போகிறோம், எத்தனை பேர் சொல்லப்போகிறோம் என்றும் கேட்க வேண்டும்.

'நான் பார்க்கிறேன்' என்பதற்குப் பழைய இத்தாலியத்தில் 'வெஜ்ஜோ' என்று ஒரு வடிவம் இருந்தது. தாந்தே கையாண்டிருக்கிறார். இன்று எல்லோரும் சொல்வது 'வேதோ', விதிப்படி அமைந்த வடிவம். 'வெஜ்ஜோ' பழங்கவிதைகளில் மட்டும் இருக்கிறது. கவிதை எழுதுகிறவளாக இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது: ஒரு விதிவிலக்கு கவிதையில் மட்டும் வாழ்ந்தால் போதாது. சந்தையிலும் சமையலறையிலும் வகுப்பிலும் நீதிமன்றத்திலும் அது வாயில் புழங்க வேண்டும்.

அமைச்சருக்கு 'மினிஸ்த்ரா', மேயருக்கு 'சிந்தகா' என்ற பெண்பால் வடிவங்களைச் சபதீனி பரிந்துரைத்தபோது கேலி செய்தவர்கள் உண்டு. இன்று இத்தாலியச் செய்தித்தாள்களில் அவை சாதாரணமாக வருகின்றன. எதிர்ப்பு முடிந்துவிடவில்லை. 2022இல் இத்தாலியின் முதல் பெண் பிரதமரான ஜியார்ஜா மெலோனி தன் பதவிப் பெயரை ஆண்பால் சுட்டோடு வழங்குவதையே விரும்பினார். சொல்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், மறுப்பவர்கள் மறுக்கிறார்கள். எந்த வடிவம் அதிக வாய்களில் தங்குமோ அது பிழைக்கும்.

ஃபிராங்கா வியோலாவின் மறுப்பும் அவரோடு நின்றிருந்தால் ஒரு வீரக் கதையாகப் பாடப்பட்டு, 'வெஜ்ஜோ'வைப் போல ஏட்டில் மிஞ்சியிருக்கும். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வேறு பெண்கள் மறுத்தார்கள், தெருவில் இறங்கினார்கள், வாதாடினார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு பிரிவு போனது.